கண்மாய் மீன் எப்படிச் செத்தது?

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில், கண்மாயில் மீன் வளர்க்கும் ஒரு குழுவின் உறுப்பினர்கள் பேசியது. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

மீன் வளர்ப்பைப் பற்றிப் பேசுங்க என்று எங்களைக் கூப்பிட்டாங்க. லாபம் பார்த்த கதையை முன்னாடி ஒரு தடவை இதே கூட்டத்தில் பேசியிருக்கிறோம். கை தட்டினீங்க. இன்னைக்கு நஷ்டப்பட்ட கதையைச் சொல்லலாம்னு குழுவில் தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டு வந்திருக்கிறோம். எழுதாமல் வந்தா பாதியிலே மனசு மாறிடும். அதனாலதான்.

எங்கள் கண்மாய் தனிக் கண்மாய் இல்லை. மேலே ஒண்ணு, நடுவிலே எங்களுது, கீழே இன்னொண்ணு என்று சங்கிலி மாதிரிப் போகும். மேல் கண்மாய்த் தண்ணி அவங்க வயலுக்குப் பாய்ந்து, மிச்சம் வடிந்து எங்கள் வரத்துக்காலில் விழும். இரண்டு பக்கத்து மேட்டு நிலத்தில் பெய்கிற மழையும் அதிலேதான் ஓடி வரும். மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் பெரும்பாலான கண்மாய்கள் இப்படித்தான். அதாவது மேலே இருக்கிறவங்க வயலில் என்ன போடுறாங்களோ, அதில் ஒரு பங்கு கீழே இருக்கிறவங்க கண்மாய்க்கு வந்து சேரும். இது எங்களுக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சும் அதைப் பெரிசா நினைக்கலை.

2021 ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்தது. கூட்டமைப்பில் 60,000 ரூபாய் கடன் வாங்கினோம். குத்தகை கட்டி, கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கலந்து குஞ்சு வாங்கி விட்டோம். தவிடும் கடலைப் புண்ணாக்கும் முறை வைத்துப் போட்டோம். மார்கழியில் வலை வீசிப் பார்த்தப்போ மீன் உள்ளங்கைக்கு மேலே வளர்ந்திருந்தது. பங்குனியில் பிடித்து, கடனைக் கட்டி, ஆளுக்குக் கொஞ்சம் கையில் நிற்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தோம்.

2022 தை மாதம், பொங்கல் முடிந்து சில நாள்தான். காலையில் தீவனம் போடப் போனவங்க ஓடி வந்து கதவைத் தட்டினாங்க. போய்ப் பார்த்தா, வரத்துக்கால் வந்து சேருகிற மூலையில் மீன் பைத்தியம் பிடிச்ச மாதிரி சுத்துது. நேரா நீந்தலை. பம்பரம் மாதிரி சுழலுது, தண்ணிக்கு மேலே துள்ளுது, மல்லாந்து விழுது, கொஞ்ச நேரம் அசையாமல் கிடக்குது, திரும்பவும் வெடுக்வெடுக்குன்னு இழுக்குது. சின்ன மீன் எல்லாம் முதலிலேயே மிதந்திருச்சு. மதியத்துக்குள் அந்த மூலை வெள்ளையாகிவிட்டது.

அடுத்து நடந்ததைச் சொல்ல எங்களுக்குக் கூச்சமாகத்தான் இருக்கு. மிதந்த மீனைக் கூடையில் அள்ளினோம். பார்க்க நல்லாத்தான் இருந்தது. "இப்பவே சந்தைக்குப் போட்டுட்டா பாதிக் கடனாவது தேறும்" என்று எங்களில் சிலர் சொன்னோம். வேண்டாம்னு யாரும் உடனே சொல்லலை. இரண்டு கூடை ஆட்டோவில் ஏறிப் போய்விட்டது. அப்புறம்தான் எங்கள் குழுவில் மூத்த உறுப்பினர் கரையோரம் நடந்து பார்த்துட்டுச் சொன்னாங்க: "நண்டும் செத்துக் கிடக்கு, கூனி இறாலும் செத்துக் கிடக்கு. இது மூச்சு முட்டிச் செத்த மீன் இல்லைடி. மருந்து." உடனே இரண்டு பேர் டி.வி.எஸ். வண்டியில் ஆட்டோ பின்னாடியே போனாங்க. ஒன்றரைக் கூடை திரும்பி வந்தது. அரைக் கூடை விற்றுப் போயிருந்தது. யார் வாங்கினாங்க, எந்த வீட்டில் குழம்பு வச்சாங்க, எந்தப் பிள்ளை சாப்பிட்டுதுன்னு தெரியாது. கெட்ட செய்தி எதுவும் வரலை. ஆனா அன்னைக்கு ராத்திரி எங்களில் ஒருத்தரும் தூங்கலை.

செத்த மீனைக் கழுவினாலும், நல்லா வேக வைத்தாலும், மஞ்சள் போட்டாலும் மருந்து போயிடும்னு நம்பாதீங்க. கொதிக்க வைப்பதால் எல்லாப் பூச்சி மருந்தும் அழிந்துவிடாது. மீதி எல்லாவற்றையும் தண்ணியிலிருந்து தள்ளி, மேட்டில் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தோம். நாய், பூனை, கோழி தோண்டாமல் முள்ளைப் போட்டு மூடினோம்.

யார் செய்ததுன்னு அடுத்த சண்டை. முதலில் மேல் ஊர்க்காரங்க மேலேதான் பாய்ந்தோம். அவங்க வடிகால்தானே நம்ம வரத்துக்கால்! பத்து பேர் போய்ச் சத்தம் போட்டோம். அந்த வாரம் நாங்க யாரும் மருந்தடிக்கலைன்னு அவங்க சொன்னாங்க. நாங்க நம்பலை.

அந்த வாரக் குழுக் கூட்டத்தில் சேமிப்பு வசூலித்து முடிந்ததும் எங்கள் உறுப்பினர் ஒருத்தர் எழுந்தாங்க. "மேல் ஊர்க்காரங்க இல்லை. எங்க வீட்டுக்காரர்தான்" என்றாங்க. வரத்துக்கால் ஓரம் அவங்களுக்குக் கத்தரித் தோட்டம். காய்ப்புழுவுக்கு மருந்தடித்தார். டேங்கில் பாதி மிச்சம். அதை வரத்துக்காலில் ஊற்றி, ஸ்பிரேயரை அங்கேயே அலசி, காலிப் பாட்டிலையும் கழுவிப் போட்டுட்டு வந்துட்டார். அவ்வளவுதான் நடந்தது. அவங்க பேரை நாங்கள் சொல்ல மாட்டோம். இங்கேதான் உட்கார்ந்திருக்காங்க. இந்தக் கதையைக் கூட்டத்தில் சொல்லணும்னு சொன்னதும் அவங்கதான்.

"பாதி டேங்க் தண்ணியில் இவ்வளவு பெரிய கண்மாய் மீன் சாகுமா?" இதுதான் எல்லோரும் கேட்டது. நாங்களும் கேட்டோம். பிறகு மீன்வளம் படித்த ஒருவரிடம் போய், நோட்டுப் போட்டுக் கணக்குக் கேட்டு எழுதிக்கிட்டு வந்தோம். அந்தக் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்க. நம்ம உள்கடன் வட்டிக் கணக்கை விட இது சுலபம்தான்.

அந்த மருந்து சைபர்மெத்ரின், 10 சதம். நிறைய வீட்டில் இருக்கிறதுதான். 10 சதம்னா 1 மில்லி மருந்தில் மூல விஷம் 100 மில்லிகிராம். 1 மில்லிகிராமை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குக்குப் பெயர் மைக்ரோகிராம். ஆக 1 மில்லி மருந்தில் 1 லட்சம் மைக்ரோகிராம் விஷம் இருக்கு. சாதாக் கெண்டை மாதிரி சில மீன்களுக்கு, லிட்டர் தண்ணிக்கு ஏறத்தாழ 1 மைக்ரோகிராம் இருந்தாலே 4 நாளில் பாதி மீன் செத்துவிடும் என்று சோதனைகளில் கண்டிருக்காங்க. வேறு சில மீன்கள் இன்னும் கூடத் தாங்கும். இப்போ பெருக்கிப் பாருங்க. 1 மில்லி மருந்து 1 லட்சம் லிட்டர் தண்ணியைக் கெடுக்கப் போதும். டேங்கில் மிஞ்சின 5 லிட்டரில் ஒரு 5 மில்லி, பாட்டில் கழுவினதிலும் ஸ்பிரேயர் அலசினதிலும் இன்னொரு 5 மில்லின்னு வச்சுக்குவோம். 10 மில்லி. இருமல் டானிக் மூடியில் ஒரு மூடி. 10 லட்சம் லிட்டர் தண்ணிக்கு அது போதும். 10 லட்சம் லிட்டர்னா கால் ஏக்கர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு நிற்கிற தண்ணி.

நடப்பில் அப்படியே ஆகாது. கண்மாய்த் தண்ணி கலங்கல். இந்த வகை மருந்து மண்ணிலும் சேற்றிலும் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். அதனாலதான் கண்மாய் முழுக்கச் சாகாமல் வரத்துக்கால் மூலையில் செத்தது. ஆனா சேற்றில் ஒட்டினது உடனே அழிந்து போயிடாது. மிர்கால் அடிச்சேற்றில் மேய்கிற மீன். அதற்குத் தொந்தரவு பிறகும் இருந்திருக்கலாம். மேல் வயல் வடிகாலிலிருந்தும் கொஞ்சம் வந்திருக்குமோ என்னவோ. தண்ணியை அன்னைக்கே பரிசோதனைக்கு எடுத்திருந்தால் தெரிந்திருக்கும். எடுக்கலை. அது எங்கள் தப்பு.

வீட்டு ஆம்பளைங்க எல்லோரும் ஒரே ஒரு கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாங்க: "அதே தண்ணியை மாடு குடிச்சுதே, மாட்டுக்கு ஒண்ணும் ஆகலையே?" நியாயமான கேள்விதான். பதில் என்னன்னா, மாட்டின் ஈரல் இந்த வகை மருந்தைச் சீக்கிரம் உடைத்து வெளியே தள்ளிவிடும். மீனுக்கு அந்தச் சக்தி ரொம்பக் குறைவு. அதோட மாடு ஒரு நேரம் குடிச்சுட்டுப் போயிடுது. மீன் இருபத்து நாலு மணி நேரமும் அந்தத் தண்ணியைச் செவுள் வழியாக இழுத்து விட்டுக்கிட்டே இருக்கு. தண்ணியில் இருக்கிற விஷம் செவுள் வழியாக நேரா ரத்தத்தில் ஏறும். மாட்டுக்கு ஒண்ணும் ஆகலை என்பதை வைத்து மீனுக்கு ஆகாதுன்னு சொல்ல முடியாது.

நாம மீன் வாங்கும்போது என்ன செய்வோம்? செவுளைத் தூக்கிப் பார்ப்போம். சிவப்பா, சீப்புப் பல் மாதிரி தனித்தனியா இருந்தா நல்ல மீன். மருந்து பட்ட மீனின் செவுளில் வழவழன்னு சளி கட்டும், வீங்கும், சீப்புப் பல்லெல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு தண்ணியில் காற்று இருந்தாலும் அதனால் எடுக்க முடியாது. அந்தச் சுழற்சியும் துள்ளலும் ஏன் வருதுன்னா, இந்த மருந்துகள் நரம்பைத் தாக்குபவை. பூச்சியின் நரம்பைத் தாக்கத்தான் செய்திருக்காங்க. ஆனா மீனின் நரம்பும் அதே முறையில்தானே வேலை செய்யுது! சுவிட்சைப் போட்டா விளக்கு எரியணும், அணைச்சா அணையணும். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் வகையறா பட்டால் சுவிட்ச் போட்டது போட்டபடி நின்றுவிடும். குளோர்பைரிபாஸ், மோனோகுரோட்டோபாஸ் மாதிரி மருந்துகள் வேறு வழியில் அதே வேலையைச் செய்யும். நரம்பு சதைக்கு ஒரு செய்தி அனுப்பினால், சொல்லி முடித்ததும் அந்தச் செய்தியை அழிக்க உடம்பில் ஒரு நொதி இருக்கு. இந்த மருந்து அந்த நொதியை முடக்கிவிடும். சதை இழுத்தது இழுத்தபடி இருக்கும். நம்ம ஆளுங்க மருந்தடிச்சுட்டு வந்து தலை சுத்துது, கை நடுங்குது, எச்சில் ஊறுதுன்னு சொல்றாங்களே, அதற்குக் காரணமும் இதே நொதி முடங்கிப் போவதுதான்.

சரி, செத்த மீன் செத்துப் போச்சு. மிஞ்சின மீனைக் காப்பாற்றிட்டோம்னு நினைச்சோம். அங்கேதான் எங்களுக்குப் பெரிய அடி.

பங்குனியில் வலை போட்டப்போ மீன் வளரவே இல்லை. தை மாதத்தில் பார்த்த அளவுக்கு மேலே கொஞ்சம்தான் கூடியிருந்தது. சிலது உடம்பு மெலிந்து தலை மட்டும் பெரிசா இருந்தது. இரண்டு மாசமா போட்ட தவிடும் புண்ணாக்கும் வீண். காரணத்தைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டோம். சாகிற அளவுக்கு விஷம் ஏறாத மீனுக்கும் உள்ளே பாதிப்பு உண்டு. இரை எடுக்காது. ஈரல் கெடும். ரத்தம் குறையும். நோயை எதிர்க்கிற சக்தி குறையும். சில மருந்துகளில் முதுகெலும்பு வளைவதும் உண்டு. முட்டை குறையும். முட்டையிலிருந்து வந்த குஞ்சு பெரிய மீனை விட லேசான அளவுக்கே செத்துப் போகும். கட்லா தண்ணியில் மிதக்கிற நுண்ணுயிரிகளைத் தின்னு வளருகிற மீன். பூச்சி மருந்துக்கு அந்த நுண்ணுயிரிகள் மீனை விடச் சீக்கிரமாகச் சாகும். மீன் உயிரோட இருக்கு, அதன் சோறு செத்துப் போச்சு. மிதந்த மீனை எண்ணி நஷ்டம் எழுதினோம். மிதக்காத மீனில் போன நஷ்டம் அதை விடப் பெரிசு.

எங்க அம்மாச்சி காலத்தில் வயல் வாய்க்காலில் துணி விரித்து அயிரை பிடித்துக் குழம்பு வைத்ததை எல்லோரும் கேட்டிருப்பீங்க. அயிரை வயலிலும் வாய்க்காலிலும் தரையை ஒட்டி வாழ்கிற மீன். அது குறைந்ததற்கு வறட்சி, வாய்க்கால் தூர்ந்தது என்று பல காரணம் இருக்கு. எல்லாப் பழியையும் மருந்து மேலே போட முடியாது. ஆனா மருந்துக்கு அதில் பங்கில்லைன்னு சொல்லவும் முடியாது.

இப்போ பாட்டில் விஷயம். பூச்சி மருந்துப் பாட்டிலில் ஒரு முக்கோணம் இருக்கும், பார்த்திருப்பீங்க. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நாலு நிறம். சிவப்பு ரொம்பக் கடுமை, பச்சை லேசு. இதை நம்ம பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்திருக்காங்க. ஆனா ஒரு விஷயத்தை யாரும் சொல்லலை. அந்த நிறம், எலி போன்ற பாலூட்டிகளுக்கு எவ்வளவு விஷம் என்பதை வைத்துப் போட்டது. மீனுக்கு எவ்வளவு என்று அதில் கணக்கில்லை. நமக்குக் கொஞ்சம் லேசான மருந்து மீனுக்கு எமனாக இருக்கலாம். சைபர்மெத்ரின் வகையே அப்படித்தான். அதனால் நிறத்தை மட்டும் பார்த்து "இது ஒண்ணும் செய்யாது" என்று கடைக்காரர் சொன்னா தலையாட்டாதீங்க. பாட்டிலோட ஒரு மடித்த காகிதம் வருதே, நாம பிரிக்காமலே தூக்கிப் போடுகிற காகிதம், அதில் மீனுக்கு விஷம், நீர்நிலை பக்கம் பயன்படுத்தாதே என்று எழுதியிருக்கும். எழுத்து எறும்பு மாதிரி இருக்கும். பத்தாவது படிக்கிற பிள்ளையை விட்டு வாசிக்கச் சொல்லுங்க.

எண்டோசல்பான் எல்லோருக்கும் தெரியும். காசர்கோட்டில் முந்திரித் தோட்டத்தில் அடித்து மக்கள் பட்ட பாடு பேப்பரில் எல்லாம் வந்தது. 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. அது மீனுக்கும் மிகக் கொடிய மருந்து. குருணை மருந்து போரேட் 2020 டிசம்பர் 31 முதல் தடை. ஆனா தடை போட்டது டெல்லியில். பழைய டப்பா நம்ம வீட்டுப் பரணில் இருக்கு. எங்கள் பன்னிரண்டு வீட்டிலும் தேடிப் பார்த்தோம். பேரே அழிஞ்சு போன டப்பாக்கள் கிடைத்தன. ஒரு வீட்டில் அந்தக் காலி டப்பாவில் மண்ணெண்ணெய் வச்சிருந்தாங்க. இன்னொரு வீட்டில் என்ன வச்சிருந்தாங்கன்னு சொன்னா நீங்க அந்த வீட்டில் சாப்பிட மாட்டீங்க.

மீன் மிதந்தா எல்லாம் மருந்துதான்னு முடிவு கட்டிடாதீங்க. விடியற்காலையில் மட்டும் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினா, பெரிய மீன் முதலில் செத்தா, தண்ணி கரும்பச்சையா இருந்தா, அது பெரும்பாலும் காற்றுக் குறைவு. மேகமூட்டமா இருக்கிற நாட்களில் அதிகம் வரும். புதுத் தண்ணி விட்டு, தண்ணியை அடித்துக் கலக்கி விட்டா ஓரளவு காப்பாற்றலாம். எந்த நேரமென்று இல்லாமல் மீன் சுழன்று துள்ளினா, சின்ன மீன் முதலில் செத்தா, கூடவே நண்டும் இறாலும் தண்ணிப் பூச்சியும் செத்தா, பக்கத்தில் யாராவது மருந்தடித்திருந்தா அல்லது அடித்த பிறகு மழை பெய்திருந்தா, மருந்துன்னு சந்தேகப்படணும். அன்னைக்கு எங்கள் கரையில் நத்தை மட்டும் சாவகாசமா ஊர்ந்துக்கிட்டிருந்தது. அதைப் பார்த்து முதலில் குழம்பினோம். சைபர்மெத்ரின் வகை மருந்து நத்தையை அவ்வளவாகத் தாக்காதாம். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மருந்தால் நுண்ணுயிரிகள் செத்தா, அவை தின்ன வேண்டிய பாசி கட்டுப்பாடில்லாமல் பெருகும். கொஞ்ச நாள் கழித்து அந்தப் பாசியால் விடியற்காலையில் காற்றுக் குறைந்து மறுபடியும் மீன் சாகலாம். அப்போ அது காற்றுக் குறைவுதான், ஆனா ஆரம்பித்து வைத்தது மருந்து.

சந்தேகம் வந்தா முதல் வேலை, சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் தண்ணி எடுத்து மூடி வையுங்க. உயிர் போய்க்கிட்டிருக்கிற மீன் இரண்டு மூன்றை, பல மணி நேரம் முன்னே செத்து நாறினதை இல்லை, ஐஸில் போட்டு வையுங்க. தேதி, நேரம், இடம் எழுதுங்க. உடனே மீன்வளத் துறை அலுவலகத்துக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் சொல்லுங்க. சந்தைக்குப் போகாதீங்க.

இனி நாங்கள் செய்த ஏற்பாடு. அந்தக் கூட்டத்தில் அவங்க எழுந்து சொன்னதும் சிலர் கொதிச்சுட்டோம். "60,000 ரூபாயையும் அந்த வீடு கட்டட்டும், குழுவை விட்டும் போகட்டும்" என்று பேச்சு வந்தது. அப்போ ஊக்குநர் ஒரு கேள்வி கேட்டாங்க: "வரத்துக்காலில் ஸ்பிரேயர் கழுவாத வீடு எது? கை தூக்குங்க." பன்னிரண்டு பேரில் நாலு கைதான் தூக்கினது. அதில் இரண்டு வீட்டுக்கு நிலமே இல்லை.

அதோடு அந்தப் பேச்சு அடங்கியது. அந்த வீடு 5,000 ரூபாய் கொடுத்தது. மீதி நஷ்டம் குழு பொதுவில் ஏற்றுக்கொண்டது. இது சரியா தப்பான்னு இப்பவும் எங்களுக்குள்ளே இரண்டு கருத்து இருக்கு. மறைக்கலை. நிலம் இல்லாத இரண்டு பேரும் "நாங்க ஏன் கட்டணும்?" என்று கேட்டது நியாயம். அவங்க பங்கை மட்டும் குறைத்துக் கொண்டோம். மேல் ஊருக்கும் போய், நாங்க சத்தம் போட்டது தப்புன்னு சொல்லிட்டு வந்தோம். அது கடனைக் கட்டினதை விடக் கஷ்டமா இருந்தது. ஆனா அதனாலேதான் அவங்க எங்கள் பேச்சைக் கேட்டாங்க. இப்போ நெல்லுக்கு மருந்தோ குருணையோ போட்டா ஒரு வாரத்துக்கு வடிகாலை அடைத்து, தண்ணியை வயலிலேயே நிறுத்துறாங்க. போடுறதுக்கு முன்னாடி நம்ம குழுவுக்குப் போன் வரும். எல்லா நேரமும் வராது. பல நேரம் வருது.

ஸ்பிரேயர் கழுவ, கண்மாயிலிருந்தும் கிணற்றிலிருந்தும் தள்ளி மேட்டில் ஒரு குழி போட்டோம். ஸ்வீடன் நாட்டில் 1993ல் இப்படி ஆரம்பிச்சாங்களாம். அடியில் களிமண்ணை மிதித்துக் கெட்டிப்படுத்தணும். மேலே பாதிப் பங்கு வைக்கோல், கால் பங்கு மக்கு, கால் பங்கு மேல்மண் கலந்து நிரப்பி, அதன் மேல் புல் வளர்க்கணும். வைக்கோலில் வளருகிற பூஞ்சாணமும் மண்ணிலுள்ள நுண்ணுயிரிகளும் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமா உடைக்கும். மழைத் தண்ணி உள்ளே போகாமல் மேலே ஒரு கீற்றுக் கொட்டகை வேணும். அந்தக் குழியை வெட்டியவர் யார் தெரியுமா? அதே கத்தரித் தோட்டக்காரர்தான். குழி இருக்குன்னு மிச்ச மருந்தைக் கொண்டு வந்து கொட்டக்கூடாது. மிச்சம் வராத அளவுக்குக் கலக்கணும். காலிப் பாட்டிலை மூன்று தடவை அலசி, அலசின தண்ணியை டேங்கிலேயே ஊற்றி, அதே பயிருக்கு அடித்துவிடணும். பிறகு பாட்டிலில் ஓட்டை போட்டுடணும். ஓட்டை போட்டா மண்ணெண்ணெய் வைக்க முடியாது.

அடிக்கிறதையே குறைக்க முடியுமான்னும் பார்த்தோம். கத்தரியில் புழு துளைத்து வாடின நுனித் தண்டை வாரம் ஒரு தடவை கிள்ளி எடுத்து அழித்து, இனக்கவர்ச்சிப் பொறி வைத்தாலே பாதி வேலை முடியும். நெல்லுக்கு, நட்ட முதல் 30, 40 நாளில் இலை சுருட்டுப் புழு தின்கிற இலையைப் பயிர் தானே ஈடுகட்டிக்கொள்ளும். அப்போ அடிக்கிற மருந்து புழுவைத் தின்கிற சிலந்தியைக் கொல்லுவதற்குத்தான் பயன்படும். இந்தோனேசியாவில் 1986ல் நெல்லுக்கு அடிக்கிற 57 வகைப் பூச்சி மருந்துகளை ஒரே உத்தரவில் நிறுத்தினாங்க. மீனுக்காக இல்லை, புகையானுக்காக. மருந்து அடிக்க அடிக்கச் சிலந்தி செத்து, புகையான் பெருகிக்கிட்டே போச்சு. மருந்தை நிறுத்தினதால் அங்கே நெல் விளைச்சல் விழுந்துவிடலை.

வேப்பங்கொட்டைக் கரைசலை நாங்கள் குழுவாகவே தயார் செய்கிறோம். 5 கிலோ பருப்பை இடித்து 10 லிட்டர் தண்ணியில் ஒரு ராத்திரி ஊற வைத்து, வடிகட்டி, சோப்புக் கரைசல் சேர்த்து, 100 லிட்டராக ஆக்கணும். வேம்புதானே என்று அதையும் கண்மாயில் கொட்டாதீங்க. அளவு கூடினா அதுவும் மீனைத் தாக்கும்.

பயிர்க்கடன் கேட்கிற உறுப்பினரிடம், எந்த மருந்து, எவ்வளவு, எந்தப் பூச்சிக்கு என்று இப்போ கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுகிறோம். முதலில் "குழு வயலுக்குள்ளே வந்துடுச்சு" என்று வீட்டில் முணுமுணுத்தாங்க. கடைக்காரர் மூணு மருந்தைக் கலந்து கொடுத்ததை ஒரு மருந்தாகக் குறைத்ததும் செலவு குறைந்தது. முணுமுணுப்பும் குறைந்தது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லணும். ஓடையிலும் மடைப் பள்ளத்திலும் மருந்தை ஊற்றி மீன் பிடிக்கிற பழக்கம் சில ஊரில் இருக்கு. தண்ணியில் விஷம் கலந்து மீன் பிடிப்பது 1897ஆம் வருஷத்து மீன்வளச் சட்டத்திலிருந்தே குற்றம். அந்த மீன் நம்ம சந்தைக்குத்தான் வருது. எந்த வீட்டு இளவட்டங்கள் செய்றாங்கன்னு நமக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருக்கிறோம்.

கடனில் இன்னும் 3 தவணை பாக்கி. கட்டிடுவோம். கண்மாய் நிறைந்தா இந்தத் தடவையும் குஞ்சு விடப் போகிறோம். கழுவுகிற குழியைப் பார்க்கணும்னு சொல்ற குழுக்கள், ஒரு நாள் முன்னாடி எங்கள் செயலாளரிடம் சொல்லிட்டு சனிக்கிழமையில் வாங்க. வரும்போது உங்க வீட்டில் இருக்கிற மருந்துப் பாட்டிலின் அந்த மடித்த காகிதத்தை எடுத்துட்டு வாங்க. எங்க பிள்ளைங்களை விட்டு வாசிச்சுப் பார்ப்போம்.